பார்த்துவிட்டுப் போடுகிறவர்

அப்பா இறந்த மறுநாள் ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். சித்தப்பா மகன்களின் ஏற்பாடு. ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கியதில் முகம் கலங்கியிருந்தது. கீழே ‘மோட்டார்’ அரிகிருஷ்ணன் என்று பெயர். ஊரில் அரிகிருஷ்ணன்கள் நிறைய. மோட்டார் என்று சேர்த்தால்தான் எந்த அரிகிருஷ்ணன் என்று தெரியும்.

வந்தவர்களுக்குக் காபி போடப் பால் வாங்கப் போனேன். கடை வாசலில் இரண்டு பேர் அந்த ஃபிளெக்ஸைப் படித்துக்கொண்டிருந்தார்கள். மருதம் ஃபிளாட்ஸில் குடியிருப்பவர்கள். என்னை அவர்களுக்குத் தெரியாது.

"எந்த மோட்டார்?"

"நம்ம ஃபிளாட்ஸ் மோட்டாரை எரிச்சாரே, அவர்தான். தண்ணி லாரி வராத வருஷம். ரெண்டு நாள் மூணு மாடி பக்கெட் தூக்கினோமே, ஞாபகம் இல்ல?"

"ஓ, அவரா? ச்சே. பாவம்."

அவர் எரிக்கவில்லை. நான் எரித்தேன். அதைச் சொல்ல நான்கு வார்த்தை போதும். சொல்லாமல் பால் பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆறு வருஷமாகச் செய்துவந்ததையே அன்றும் செய்தேன்.

அப்பாவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அதிலிருந்துதான் தொடங்க முடியும்.

அவர் எட்டாவது வரை படித்தவர். மருதம் ஃபிளாட்ஸ் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் எங்கள் குடும்பத்து நிலம் இருந்தது. அவருடைய பெரியப்பா விற்றார். அதைப் பற்றி அப்பா வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. "நெலம் இருந்தா வெயில்ல நின்னுகினு இருப்பேன். இப்ப பம்ப் ரூம் நெழல்ல நிக்கிறேன். எது தேவல?" என்பார்.

இருபத்திரண்டு வயதில் குரோம்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் தண்ணீர் இறைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அது மூடப்பட்ட பிறகு மருதம் ஃபிளாட்ஸ். இருபத்து நான்கு வீடுகள். தரைக்குக் கீழே சம்ப் என்கிற தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடியில் இரண்டு தொட்டி, நடுவில் ஒரு மோட்டார். காலை ஐந்தரை, மதியம் ஒன்று, மாலை ஆறு என்று மூன்று வேளை தண்ணீர் ஏற்ற வேண்டும். பதினான்கு வருஷம் ஏற்றினார்.

அந்த வேலை சுவிட்ச் போடுவது மட்டும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும்.

காவலாளி லோகநாதன் அண்ணா அடிக்கடி சீண்டுவார். "இன்னா அரி அண்ணே, ஒரு வெரல்ல செய்யிற வேலைக்கு பத்து வெரலையும் வெச்சுகினு வர்றியே!"

"ஒம்போது வெரலு உனுக்கு சலாம் போட" என்பார் அப்பா.

கடைசி வருஷம் பொறியியல் படிப்பில் நான் எடுத்துக்கொண்ட ப்ராஜெக்ட், அப்பாவின் வேலையைத் தானாகச் செய்யும் பெட்டி. அதை நான் யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. கண்ணெதிரே இருந்ததை எடுத்துக்கொண்டேன். அந்தப் பெட்டி வந்தால் அப்பாவின் வேலை என்ன ஆகும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தோடு அவர் பின்னால் போய், செய்வதையெல்லாம் வரிசையாகக் குறித்தேன். பம்ப் அறை வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே போய் சம்ப்பின் இரும்பு மூடியைத் தூக்கிச் சாய்த்தார். இரண்டு கைகளையும் சேர்த்து, முதுகை வளைத்து, அதன் முன் குனிந்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு மூடியைப் போட்டார், சுவிட்சைப் போட்டார், மேலே போகும் குழாயில் காதை வைத்தார்.

நான் அவருக்குப் பின்னால், வாசற்படியில் நின்றிருந்தேன். நோட்டில் இப்படி எழுதினேன்:

செருப்பு கழற்றுகிறார். கும்பிடுகிறார். (இவை தேவையில்லை.)
1. மோட்டார் ஆன்.
2. தண்ணீர் ஏறுகிறதா என்று பார்.

அவர் கும்பிடவில்லை. கைகளுக்கு நடுவே டார்ச் இருந்தது. அதன் பொத்தான் கெட்டுப்போய், இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தால்தான் எரியும். சம்ப்பின் சுவரில் இறங்குவதற்கு இரும்புப் படிகள் உண்டு. மேலிருந்து நான்காவது படி தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் மோட்டார் போடக் கூடாது, தண்ணீர் போதாமல் சூடேறி எரிந்துவிடும். குனிந்து அதைத்தான் பார்த்திருக்கிறார். செருப்பைக் கழற்றியது தரை ஈரமாக இருக்கும், வழுக்கும் என்பதற்காக.

அப்பா சாமிக்குப் பயந்தவர், படிக்காதவர், ஆகவே குனிந்தால் கும்பிடுகிறார். நான் அப்படித்தான் நினைத்திருக்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

இங்கே லூப் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்படி கணினிக்கு எழுதுவது லூப். ஆரம்பப் பாடத்தில் மூன்று வகை வரும். எத்தனை முறை என்று முன்பே தெரிந்தால் ஃபார். நிபந்தனையை முதலில் பார்த்து, அது சரியாக இருக்கும்வரை செய்வது வைல். முதலில் ஒரு முறை செய்துவிட்டு, அதன் பிறகு நிபந்தனையைப் பார்ப்பது டூ-வைல். எதை எங்கே எடுக்க வேண்டும் என்பது முதல் வருஷப் பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி.

ப்ராஜெக்ட் தேர்வில் இதைக் கேட்பார்கள் என்று சொன்னதால், இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லிப் பார்த்தேன்.

"நவகிரகத்த ஒம்போது சுத்து சுத்துறோமே, அது எது?" என்று அப்பா கேட்டார்.

"ஃபார். எண்ணிக்கை முன்னாடியே தெரியும்."

"பந்தியில சோறு கீற வரைக்கும் ஆள உக்கார வெக்கிறது?"

"வைல். சோறு இருக்கான்னு பார்த்துட்டுத்தான் அடுத்த பந்தி."

"அப்ப அந்த மூணாவது?"

"முதல்ல செஞ்சுடணும். அப்புறம்தான் சரியா தப்பான்னு பார்க்கணும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "அது உங்கம்மாவ நான் கட்டுனது."

"ஏன், நான் மட்டும் பாத்துட்டா கட்டுனேன்?" என்றாள் அம்மா. "போட்டோவுல தலை நெறய முடி. நேர்ல பாத்தா காயலாங்கடை."

சிரித்து முடித்த பிறகு அப்பா கேட்டார். "நம்ம பொட்டியில எது போட்ருக்க?"

"டூ-வைல்."

"போட்டுட்டுப் பாக்குமா?"

"ஆமாம்ப்பா. அஞ்சு நிமிஷம் ஓட விடும். குழாய்ல தண்ணி போகுதான்னு சென்ஸார் பார்க்கும். போனா தொட்டி நிரம்புற வரைக்கும் ஓடும். போகலைன்னா நிறுத்திடும். அரை மணி கழிச்சு மறுபடி போட்டுப் பார்க்கும்."

அவர் தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "நான் பாத்துட்டுப் போடுறவன்மா. போட்டுட்டுப் பாக்குறவன் இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான்ப்பா. மோட்டார் ஓடினாத்தானே தண்ணி வருதா இல்லையான்னு சென்ஸாருக்குத் தெரியும்?"

"சம்ப்புல ஒண்ணு வெக்க முடியாதா?"

"அது எக்ஸ்ட்ரா வேலை. தேவையில்ல."

"சரி. படிச்சவ நீ. தெரிஞ்சுதான் செஞ்சிருப்ப."

நூற்றுக்கணக்கான தடவை அந்தப் பேச்சைத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டேன். அவர் சொன்னதில் தெளிவில்லாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. பார்த்துட்டுப் போடு. போட்டுட்டுப் பார். இரண்டே சொற்கள், எது முன்னால் என்பதுதான் வைலுக்கும் டூ-வைலுக்கும் உள்ள வித்தியாசம். எட்டாவது படித்தவர் கேட்டவுடன் பிடித்துக்கொண்டார். நான் மதிப்பெண்ணுக்குப் படித்திருந்தேன்.

2019 ஏப்ரல். ஏரிகள் வறண்ட வருஷம். போர்வெல் தண்ணீர் நின்றுபோய், மருதம் ஃபிளாட்ஸ் முழுக்க லாரித் தண்ணீரை நம்பி இருந்தது. புதன்கிழமை எனக்கு ப்ராஜெக்ட் தேர்வு. பெட்டியை உண்மையான மோட்டாரில் மாட்டி ஓட்டிய வீடியோ காட்டினால் மதிப்பெண் கூடும். சனிக்கிழமை அப்பாவிடம் பம்ப் அறைச் சாவியை வாங்கிப் பெட்டியை மாட்டினேன். அடுக்ககச் சங்கச் செயலாளர் ஸ்ரீநிவாசராகவனிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கூட்டம் போடுவார், தேதி தள்ளும். சனிக்கிழமை சம்ப்பில் தண்ணீர் இருந்தது. பெட்டி அழகாக வேலை செய்தது. வீடியோ எடுத்தேன்.

மறுநாள் சிங்கப்பெருமாள் கோவிலில் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை மகளுக்குக் கல்யாணம். இப்படிப்பட்ட விசேஷங்களுக்கு அம்மா தனியாகப் போவாள்; அப்பா மூன்று வேளை மோட்டாரை விட்டு நகர மாட்டார்.

"இந்த வாட்டி நீயும் போப்பா" என்றேன். "பெட்டி பார்த்துக்கும்."

"லாரி வரலன்னா?"

"அதுக்குத்தானே சென்ஸார்."

காலையில் சம்ப்பை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார். நான்காம் படிக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் இருந்ததாம். எட்டு மணிக்கு லாரி வரும் என்று சொல்லியிருந்தார்கள். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அம்மாவோடு தாம்பரம் போய் மின்சார ரயில் ஏறினார். நான் வீட்டில் உட்கார்ந்து ப்ராஜெக்ட் அறிக்கைக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். மருதம் ஃபிளாட்ஸ் எங்கள் வீட்டிலிருந்து நான்கு நிமிட நடை.

லாரி வரவில்லை. ஒன்பது மணிக்குள் சம்ப் காலியாகிவிட்டது. மேல் தொட்டி நிரம்பாததால் பெட்டி அரை மணிக்கு ஒரு முறை மோட்டாரைப் போட்டது. ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, தண்ணீர் இல்லை என்று கண்டுபிடித்து நிறுத்தியது. அரை மணி கழித்து எல்லாவற்றையும் மறந்து மறுபடியும் போட்டது.

மூன்று மணி வாக்கில் பம்ப் அறையிலிருந்து கருகல் நாற்றம் வந்து லோகநாதன் அண்ணா அப்பாவுக்கு ஃபோன் செய்திருக்கிறார். அப்பா உடனே எனக்கு ஃபோன் செய்தார். பின்னால் நாதஸ்வர சத்தம்.

"பொட்டி இன்னும் அங்கதான் கீதா?"

"ஆமாம்ப்பா. ஏன்?"

"நான் வர்ற வரைக்கும் நீ அங்க போவாத. யாரு கேட்டாலும் உனுக்கு ஒண்ணும் தெரியாது."

போகவில்லை.

அம்மா நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா பம்ப் அறைக்குப் போய்விட்டு இருட்டுகிற நேரத்தில் வந்தார். பட்டு வேட்டியில் கரி. கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சள் தாம்பூலப் பையை மேசைமேல் வைத்தார். அதற்குள் என் பெட்டி இருந்தது.

"தேங்காய் எங்க?" என்றாள் அம்மா.

"பம்ப் ரூம்ல கீது. ரெண்டும் ஒரே பையில புடிக்கல." என்னிடம் திரும்பினார். "மோட்டாரு எரிஞ்சுபோச்சு. சீலு, காயிலு எல்லாம் போச்சு. எத்தினி வாட்டி ஓடிச்சுன்னு இது சொல்லுமா?"

லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தேன். "பன்னிரண்டு தடவை."

"பதினோரு வாட்டி போட்டுப் பாத்து தண்ணி இல்லன்னு தெரிஞ்சுகினு, பன்னண்டாவது வாட்டியும் போட்டுச்சா?"

"ஆமாம்."

"மனுசன் செய்ய மாட்டாம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகச் சொன்னார்.

"செக்ரட்டரி கேட்டாராப்பா?"

"கேட்டாரு. காலையில போட்டுட்டு ஆஃப் பண்ண மறந்து கல்யாணத்துக்குப் போய்ட்டேன்னு சொல்லிட்டேன். பொட்டிய யாரும் பாக்கல."

"ஏம்ப்பா அப்படிச் சொன்ன?"

"புதங்கெழமை பரிச்சைய வெச்சுகினு நீ அவர்கிட்ட மாட்டணுமா? காலேஜுக்கு எழுதிப் போட்டார்னா? எனுக்கு இன்னா, ரெண்டு வார்த்தை திட்டுவாரு. தொடச்சிகினு வந்துடுவேன்."

நான் போய்ச் சொல்கிறேன் என்று நான் சொல்லவில்லை. சொல்ல நினைத்து அடக்கிக்கொண்டேன் என்று எழுதினால் அதுவும் பொய். எனக்குத் தோன்றியது நிம்மதி. அதற்குள்ளேயே பெட்டியின் நிரலைத் திறந்திருந்தேன். கீழே இருந்த நிபந்தனையை மேலே கொண்டுவந்தேன். சம்ப்பில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்க ஒரு மிதவை சேர்த்தேன். டூ-வைல் வைல் ஆனது. முக்கால் மணி நேர வேலை. தேவையில்லாத எக்ஸ்ட்ரா வேலை.

புதன்கிழமை தேர்வில், சனிக்கிழமை எடுத்த வீடியோவைக் காட்டினேன். "நேரடியாகச் சோதித்தீர்களா?" என்று வெளித்தேர்வாளர் கேட்டார். "சோதித்தேன் சார். நன்றாக வேலை செய்தது." தொண்ணூற்றாறு மதிப்பெண்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு அப்பாவைக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து, சாவியைக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார். கூட்டத்தில் நடந்ததை லோகநாதன் அண்ணா அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். "கண்ணை மூடிண்டு ஸ்விட்ச் போடறதுக்கா உங்களை வச்சிருக்கோம்?" என்று செயலாளர் இருபத்து நான்கு வீட்டுக்காரர்களுக்கு முன்னால் கேட்டாராம். திட்டைத் துடைத்துக்கொள்ளும் அப்பாவால் அந்த ஒரு கேள்வியைத் துடைக்க முடியவில்லை என்று அம்மா பிறகு சொன்னாள். வீட்டில் தூக்கத்தில்கூட, "நான் கண்ண மூடல சார், மூடல" என்றிருக்கிறார்.

சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் வேலை கிடைத்தது. மோட்டாரை அங்கே வேறொருவர் பார்த்துக்கொண்டார். பேருந்து நிறுத்தத்துக்கு மருதம் ஃபிளாட்ஸ் வாசல் வழியாகப் போனால் ஐந்து நிமிடம். அப்பா பின் தெரு வழியாகச் சுற்றி, பதினைந்து நிமிடம் நடந்து போனார். நடந்தால் சர்க்கரை குறையும் என்று காரணம் சொன்னார்.

ஜூலையில் துரைப்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் எனக்கு நேர்முகத் தேர்வு. கேட்டவர் களைத்துப்போயிருந்தார். எனக்கு முன் பதினெட்டுப் பேரைப் பார்த்திருந்தார்.

"வைல், டூ-வைல். எப்ப எதை எடுப்பீங்க? புக்ல இருக்கிறது வேண்டாம். நிஜத்துல ஒரு உதாரணம் சொல்லுங்க."

யோசிக்கவே இல்லை. வந்துவிட்டது.

"எங்க ஏரியாவில் ஒரு அபார்ட்மென்ட் சார். அங்கே ஒரு மோட்டார் ஆபரேட்டர். அதிகம் படிக்காதவர். சம்ப்பில் தண்ணீர் இருக்கான்னு பார்க்காமலே மோட்டாரைப் போட்டுட்டார். தண்ணி இல்லாம சும்மா ஓடி எரிஞ்சுபோச்சு. அவர் செஞ்சது டூ-வைல். பார்த்துட்டுப் போட்டிருந்தா வைல். தப்பான நேரத்துல ஒரு முறை ஓடினாலே சேதம் வரும்னா, டூ-வைல் எடுக்கக் கூடாது."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிரித்தார். "குட். இதை நான் என் டீமுக்குச் சொல்றேன்."

அந்த வேலை கிடைத்தது. இன்றும் அதில்தான் இருக்கிறேன்.

வேலை கிடைத்த அன்று இரவு அம்மா கேசரி கிண்டினாள். "இன்னா கேட்டாங்க?" என்றார் அப்பா.

"லூப் பத்திக் கேட்டாங்கப்பா."

"அந்த மூணா? அட!" அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "நம்ம மோட்டார் கதைய சொல்லியிருக்கலாமே. தப்பு செஞ்சு கத்துக்கினேன்னு சொன்னா மதிப்பாங்களே."

"சொன்னேன்."

"சொன்னியா! யாரு செஞ்சதுன்னு சொன்ன?"

நான் கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒருத்தர் செஞ்சார்னு."

"ஒருத்தரா? ஒருத்தர்னா?"

பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. அந்த நேரமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. கரண்டியை எடுத்து என் தட்டில் இன்னும் கொஞ்சம் கேசரி வைத்தார்.

"சரி. வேலை கெடச்சிடுச்சி இல்ல? அதான் வேணும். துன்னு."

அதற்குப் பிறகு அவர் மோட்டார் பற்றிப் பேசியதே இல்லை. சம்பளத்தில் நான் வாங்கிக் கொடுத்த சட்டைகளைப் போட்டுக்கொண்டார். என்னைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஆறு வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தார். ஏதாவது ஒரு மாலையில் அவர் கையைப் பிடித்து, வாப்பா, மருதம் ஃபிளாட்ஸ் வரைக்கும் போய் வரலாம் என்று நான் கூப்பிட்டிருக்கலாம். இந்தப் பங்குனியில், பள்ளிக்கூடத் தோட்டத்தில் குழாயைப் பிடித்தபடி சரிந்தார். குரோம்பேட்டை மருத்துவமனைக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. அறுபத்து மூன்று வயது.

காரியம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருதம் ஃபிளாட்ஸ் போனேன். மாதக் கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் நடந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், பத்துப் பதினைந்து பேர். ஸ்ரீநிவாசராகவன் சார் இப்போதும் செயலாளர். எழுபதைத் தாண்டியிருப்பார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்தார்.

"வாம்மா. கேள்விப்பட்டேன். நான் வந்திருக்கணும். முட்டி வலி. மன்னிச்சுக்கோ."

"மினிட்ஸ் புத்தகத்துல ஒண்ணு திருத்தணும் சார்" என்றேன்.

புரியாமல் பார்த்தார். 2019 ஏப்ரல் என்றேன். புரிந்தது. உள்ளே போய்ப் பழைய புத்தகத்தை எடுத்துவந்தார். தமிழில்தான் எழுதுவார், மணி மணியான கையெழுத்து. ‘மோட்டார் ஆபரேட்டர் திரு. அரிகிருஷ்ணனின் கவனக்குறைவால் மோட்டார் எரிந்தது. இதை அவரே ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திட்டுள்ளார்.’ கீழே அப்பாவின் கையெழுத்து. முழுப் பெயரையும் எழுதி, கடைசி எழுத்தின் புள்ளியை அழுத்தி வைத்திருந்தார்.

கையெழுத்துப் போட்டதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை.

நின்றபடியே சொன்னேன். பெட்டி, அனுமதி வாங்காதது, பன்னிரண்டு தடவை, தாம்பூலப் பை. நேர்முகத் தேர்வையும் சொன்னேன். சொல்லத் தேவையில்லாத இடம் அது. ஆனால் அதை விட்டுவிட்டால் மறுபடியும் ஏதோ ஒன்றைப் பையில் மறைத்துக்கொண்டு போவதாக ஆகும்.

பின்வரிசையில் ஒருவர், "இப்ப பம்ப் ரூம்ல ஒரு ஆட்டோமேட்டிக் இருக்கே, அதுவும் இவங்க வச்சதா சார்?" என்று கேட்டார்.

"அது கம்பெனிக்காரன் வச்சது. சும்மா இருங்கோ." செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு எங்கம்மா படுத்த படுக்கையா இருந்தா. ரெண்டு நாள் தண்ணி இல்லை. அந்தக் கோவத்துல அந்த மனுஷனை என்னென்னவோ பேசினேன். கண்ணை மூடிண்டுன்னு... ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலை. நீ ஏன்மா அப்பவே வரலை?"

"தைரியம் இல்லை சார். அப்புறம் தேவை இல்லைன்னு ஆயிடுச்சு."

அவர் தலையாட்டினார். மன்னிப்பதுபோல் இல்லை அந்த ஆட்டம். பேனாவை எடுத்து மறுபடி வைத்தார். "ஒண்ணு யோசிச்சுக்கோ. நீ சொல்றதை எழுதினா, உங்கப்பா பொய்யா ஒத்துண்டார்னு ஆகும். கையெழுத்து வேற இருக்கு. பொய் சொன்னவர்னு எழுதலாமா? போனவரை?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. திருத்த வந்தவள், இன்னொரு கறையை வைக்கப்போகிறேன். கவனக்குறைவா, பொய்யா, எது அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்காக ஒரு பொய் சொன்னதில் அப்பாவுக்கு வெட்கம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பார்க்காமல் போட்டவர் என்று ஆனதுதான் அவரைப் பின் தெருவில் நடக்கவைத்தது.

"எழுதலாம் சார்" என்றேன்.

"அப்ப நீயே எழுது. இனிஷியலோட கையெழுத்துப் போடு."

அன்று நடந்த கூட்டத்தின் பக்கத்தில் எழுதினேன்:

‘2019 ஏப்ரலில் மோட்டார் எரிந்த அன்று அதை இயக்கியது, நான் அனுமதி இல்லாமல் வைத்த கருவி. சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் மோட்டாரைப் போடும்படி அதில் எழுதியது நான். அப்படிச் செய்ய வேண்டாம் என்று திரு. அரிகிருஷ்ணன் முன்பே சொன்னார். நான் கேட்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதற்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். அவர் பார்க்காமல் மோட்டார் போட்டதே இல்லை.’

அ. உதயா என்று கையெழுத்துப் போட்டேன். தவறு செய்தவளின் பெயருக்கு முன்னாலும் அவர் எழுத்துதான் நின்றது.

செயலாளர் வாசித்தார். ஆட்சேபம் உண்டா என்று முறைப்படி கேட்டார். இல்லை. பழைய பக்கத்தை அடித்துவிடலாமா என்றார். வேண்டாம் என்றேன், அதில் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது. யாருடைய காரோ யாருடைய இடத்திலோ நிற்கிறதாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னா எழுதின? அப்படியே சொல்லு."

சொன்னேன். கடைசி வரியில் அவள் கை நின்றது.

"பாக்காம போட்டதே இல்லன்னு எழுதினியா?"

"எழுதினேன்."

"அத்தினி பேருக்கும் படிச்சாரா அந்த சாரு?"

"படிச்சார்."

அம்மா கீரைக் காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அவரு உசுரோட இருக்கச்சொல்ல எழுதியிருந்தா, அந்த ஃபிளாட்ஸ் வாசல் வழியாவே பஸ்ஸுக்குப் போயிருப்பாருடி" என்றாள். பிறகு கீரையை அலச எழுந்து போனாள்.